தூணுக்குப் பின்னால் நின்றவர்

பாலசுந்தரத்துக்கு நாற்பத்தாறு வயது. காமராசர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடங்களாகக் கல்யாணப் படங்கள்தான் தொழில். "இங்க பாருங்க", "கொஞ்சம் சிரிங்க", "மாப்ள, கையத் தோள்ல போடுங்க" என்று சொல்லிச் சொல்லி, எதுவும் சொல்லாமல் கிடைக்கிற முகத்தின் மேல் அவருக்கு ஒரு பசி வந்துவிட்டது. தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த நொடியிலேயே மனிதர்களின் முகம் மூடிக்கொள்கிறது என்பார். மூடாத முகம்தான் அவருக்கு வேண்டும்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் அழகர்கோவில் சாலையில் இருக்கும் சிற்பக்கூடத்துக்குப் போவார். ஒரு மில் முதலாளி தன் பங்களாவையும், தான் சேர்த்த கற்சிலைகளையும் வெண்கலங்களையும் ஊருக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன இடம் அது. அனுமதி இலவசம். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள், கல்லூரிக்கு மட்டம் போட்ட ஜோடிகள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறவர்கள் என்று கலவையாக ஆட்கள் வருவார்கள். பாலசுந்தரம் சிலைகளைப் படம் எடுப்பதில்லை. சிலைகளைப் பார்க்கிறவர்களை எடுப்பார். நடராஜரின் தூக்கிய காலைப் பார்த்துவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக்கொண்ட ஒரு ஆசிரியர், யாளியின் வாய்க்குள் கையை விட்டுவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்ட ஒரு போலீஸ்காரர், செப்புத் திருமேனி இருந்த கண்ணாடிப் பெட்டியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்ட ஒரு பெண் என்று இரண்டு வருடத்தில் நானூறு படங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன. அதில் ஒருவருக்கும் தான் அந்தப் படத்தில் இருப்பது தெரியாது.

வாசலில் ஒரு பலகை இருந்தது. பார்வையாளர்களைப் படம் எடுப்பதானால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவார். அது மொபைலை வைத்துக்கொண்டு விளையாடுகிற பையன்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொள்வார். அவருடைய கேமராவில் சத்தமே வராது. கழுத்தில் தொங்கவிட்டு, வயிற்றுக்கு நேரே பிடித்து, வேறெங்கோ பார்த்தபடி விரலை அழுத்துவார்.

"எப்பிடிண்ணே, பக்கத்துல நிக்கிற எனக்கே தெரிய மாட்டேங்குது" என்று காவலாளி மலையாண்டி ஒருமுறை கேட்டான். பாலசுந்தரத்துக்கு அது பாராட்டாக இருந்தது.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். பின்பக்கக் கூடத்தில் ஆளே இல்லை. அங்கே சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு கற்சிலை. கண்ணாடி பார்க்கிற பெண். இடுப்பை ஒரு பக்கம் வளைத்து, இடது கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருப்பாள். பாலசுந்தரம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் உள்ளே வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கனத்த உடம்பு. வாடாமல்லி நிறத்தில் பூப்போட்ட சேலை, கையில் மஞ்சள் பை. வெயிலில் வந்த களைப்பில் மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிலையின் பக்கம் திரும்பினார். முதலில் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கையை, இடுப்பை, காலை. ஒரு அடி பின்னால் போய் மறுபடியும் மொத்தமாகப் பார்த்தார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பையை இடது கையில் கண்ணாடி மாதிரி உயர்த்திப் பிடித்தார். இடுப்பை வளைத்தார். வலது கை விரலை நெற்றிக்குக் கொண்டுபோனார். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, இல்லாத கண்ணாடிக்குள் பார்த்துச் சிரித்தார்.

பாலசுந்தரத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மணப்பெண்ணின் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டார். செருப்பு தரையில் உரசக் கூடாது என்று காலைக்கூட நகர்த்தவில்லை. பதினோரு படங்கள் எடுத்தார்.

முன்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் அம்மாள் கையை இறக்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே போனார். பாலசுந்தரம் பின்னாலேயே வராந்தா வரைக்கும் போனார். கேட்டுவிடலாம் என்றுதான் போனார். அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்து, "தம்பி, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போற பஸ் எங்கிட்டு நிக்கும்?" என்றார்.

"எதுத்தாப்புல, அந்த மரத்தடியில நில்லுங்கக்கா."

"வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டைத் தாண்டிப் போனார். பாலசுந்தரம் கேட்கவில்லை. கேட்டால் அழிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தார். அவ்வளவுதான் காரணம்.

அன்றைக்கு மாலை வீட்டில் மனைவி சீதாலட்சுமியிடம் படத்தைக் காட்டினார். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவார்கள். சீதாலட்சுமி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, அந்த அம்மாவிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். அவர் போய்விட்டார் என்று பாலசுந்தரம் பதில் சொன்னார்.

சித்திரைக் கடைசியில் வைகைக்கரை ஒளிப்படக் கழகம் ஒரு போட்டி அறிவித்தது. கலையும் மக்களும் என்று தலைப்பு. பாலசுந்தரம் பதினோரு படங்களில் ஒன்றை எடுத்து, 'அவளும் அவளும்' என்று பெயர் வைத்து அனுப்பத் தயாரானார். படத்தில் இருப்பவரின் சம்மதக் கடிதம் கட்டாயம் என்று விதி இருந்தது. படிவத்தை மேஜையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெயர் என்ற இடத்தில் தமிழ்ச்செல்வி என்று எழுதினார். எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கையெழுத்து என்ற இடத்தில் கை நின்றது. யாருடைய கையெழுத்தைப் போடுவது? மஞ்சள் பை, ஏற்றிச் செருகிய சேலை எல்லாம் நினைவுக்கு வந்தன. இப்படிப்பட்டவர்கள் எங்கே கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று தோன்றியது. ஸ்டூடியோ முத்திரைக்கு வைத்திருந்த மை டப்பாவைத் திறந்து, தன் இடது கட்டைவிரலை அழுத்தி, காகிதத்தில் பதித்தார்.

போட்டிப் படங்களுக்கான கண்காட்சியின் தொடக்க விழா வைகாசியில், தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. தேர்வான படங்களைச் சுவரில் மாட்டியதோடு பெரிய திரையிலும் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். தன் படம் வரும்போது கூட்டம் அமைதியாகிவிடும் என்று பாலசுந்தரம் எதிர்பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது தனக்கு ஏற்பட்டது அவர்களுக்கும் ஏற்படும் என்று நம்பினார்.

படம் வந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி மண்டபமே சிரித்தது. கல்லில் செதுக்கிய இடுப்பையும், பக்கத்தில் சேலைக்கு வெளியே பிதுங்கிய இடுப்பையும் மாறி மாறிக் காட்டிச் சிரித்தார்கள். கழகச் செயலாளர் பீமாராவ் ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டி, "எப்படி சார் பிடிச்சீங்க இத?" என்றார்.

பாலசுந்தரம் எழுந்து நின்றார். எல்லா முகமும் சிரித்தபடி அவரைப் பார்த்தன. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நானே மூச்ச அடக்கிக்கிட்டுதான் எடுத்தேன். அந்தம்மா வளைஞ்ச வளைவுல சிலையே பயந்துபோய் நின்னுச்சு" என்றார். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. முதல் பரிசு அவருக்குத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே அந்த வாக்கியத்தை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தார். சீதாலட்சுமியிடம் பரிசைப் பற்றிச் சொன்னார், பேசியதைச் சொல்லவில்லை.

கழகத்தின் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டார்கள். மூன்றாவது நாள் யாரோ அதை எடுத்து, சிலைக்கு மேலே 'ஆர்டர் போட்டது' என்றும் அம்மாளுக்கு மேலே 'வீட்டுக்கு வந்தது' என்றும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு அது யார் கைக்கும் அடங்கவில்லை. பாலசுந்தரத்தின் சொந்தக்காரர்கள் குழுவிலேயே இரண்டு முறை வந்தது. டீக்கடையில் பக்கத்தில் நின்றவன் தன் நண்பனிடம் காட்டிச் சிரித்தான். எடுத்தவர் தான்தான் என்று பாலசுந்தரம் சொல்லிக்கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கண்காட்சியின் கடைசி நாள் அந்த அம்மாள் வந்தார்.

பாலசுந்தரம் அப்போது நாலைந்து பேருக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். வாடாமல்லி நிறம் வாசலில் தெரிந்ததுமே அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினார். அதே சேலை. அம்மாள் நேராகத் தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். படம் நான்கடி அகலம். கீழே 'முதல் பரிசு' என்று தங்க நிற அட்டை. மண்டபத்தில் இருந்தவர்கள் படத்தையும் அவரையும் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"இங்க யாரு பெரியவுக?" என்று அம்மாள் கேட்டார்.

பீமாராவ் முன்னால் வந்தார். "வாங்கம்மா. நீங்கதான தமிழ்ச்செல்வி?"

"எம் பேரு அன்னக்கொடி. போனுல சுத்துறதப் பாத்துட்டுத்தான் விசாரிச்சு வந்தேன். யாரக் கேட்டு என்னைய இங்க தொங்க விட்டிருக்கீக?"

பீமாராவ் குழம்பிப் போய்க் கோப்பை எடுத்துவந்து பிரித்தார். "நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்களேம்மா. இந்தா, கைநாட்டு வச்சிருக்கீங்க."

அன்னக்கொடி காகிதத்தை வாங்கி, கண்ணுக்கு எட்டவைத்துப் படித்தார். மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பீமாராவின் சட்டைப்பையைக் காட்டி, "அந்தப் பேனாவக் குடுங்க" என்றார். படிவத்தின் பின்பக்கத்தில், வெ. அன்னக்கொடி என்று நிதானமாக எழுதினார். உருண்டை உருண்டையான எழுத்து.

"நான் பத்தாப்பு வரைக்கும் படிச்சவ. பரவை மார்க்கெட்டுல கடை வச்சிருக்கேன். பேங்குல, ரேசன்ல எல்லாத்துலயும் கையெழுத்துதான் போடுறேன். இது எவன் கை?"

பீமாராவ் பாலசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். "ஃபார்ம் மாறியிருக்கும் போல சார். நாலஞ்சு பேர்கிட்ட வாங்கினேன்ல, அதுல ஏதோ..." என்றார் பாலசுந்தரம். தன் இடது கட்டைவிரலைத் தானே உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டதை அவர் உணர்ந்தார்.

அன்னக்கொடி அவரை அடையாளம் கண்டுகொண்டார். "நீதான பஸ் நிக்கிற எடத்தக் காட்டுனவன்" என்றார். "அங்கயா இருந்த அப்ப?"

"தூணுக்குப் பின்னாடி இருந்தேங்க்கா."

"அப்ப ஒரு இருமல் இருமியிருக்கலாம்ல தம்பி. ஆளு இருக்குன்னு தெரிஞ்சா நாம் பாட்டுக்குப் போயிருப்பேன்ல."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பாலசுந்தரத்துக்குச் சமாளிக்க ஏதாவது வழி கிடைத்திருக்கும். அன்னக்கொடி பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். யாரோ ஓடிப்போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார்கள்.

அதற்குப் பிறகு பாலசுந்தரத்துக்கு வேலை ஓடவில்லை. இரண்டு கல்யாணங்கள் எடுத்தார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அத்தை ஒருத்தி பந்தியில் ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி ரசித்தாள். முன்பென்றால் விரல் தானாக அழுத்தியிருக்கும். இப்போது கேமராவை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அத்தை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவருக்கு அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது நாள் காலையில் பரவைக்குப் போனார். மார்க்கெட்டுக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற இடத்தில், தார்ப்பாயின் கீழ் அன்னக்கொடி சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்திருந்தார். பாலசுந்தரத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு ஆளுக்கு நிறுத்துப் போட்டு அனுப்பினார். அந்த ஆள் போனதும், "என்ன வேணும்?" என்றார்.

"அந்தக் கைநாட்டு என்னோடதுக்கா. நான்தான் வச்சேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லத் தைரியமில்ல. மன்னிச்சிருங்க."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்." அன்னக்கொடி வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். "எங்கிட்டச் சொல்லி என்னத்த ஆகப்போகுது? எம் மகன் சூரியபிரகாஷ்னு, ஒத்தக்கடையில ஒரு கம்பெனில வேலை பாக்குறான். சித்திரையில நிச்சயம் பண்ணினோம். அந்த நிச்சயத்துக்கு ரவிக்கை தைக்கக் குடுக்கத்தான் அன்னைக்கு நான் வந்தது. டெய்லருகிட்டக் குடுத்துட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன். சரி, வெயிலா இருக்கேன்னு உள்ள வந்தேன். அவ அம்புட்டு அழகா நிக்கிறாளே, விசேசத்துல நாம நின்னா எப்பிடி இருப்போம்னு..." அவர் முகம் சிவந்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் கவனிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இப்ப அவன் எங்கூடப் பேச மாட்டேங்குறான். வாரான், திங்கிறான், போறான். எங்கிட்டுப் போனாலும் நாந்தான் ஆசப்பட்டுப் படம் எடுக்கச் சொல்லி நின்னேன்னு பேசுறாக. சம்பந்தகாரவுக கூடக் கேட்டாக, சம்பந்தியம்மா நடிக்கப் போறாகளான்னு. அவனும் அப்பிடித்தான் நெனைக்கிறான் போல. நீ வந்து அவங்கிட்டச் சொல்லு, எனக்குத் தெரியாம எடுத்தேன்னு. அது போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலசுந்தரம் விளாங்குடியில் அவர்கள் வீட்டுக்குப் போனார். கேமராவையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் அன்னக்கொடி. அவர் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை வயலுக்குப் போயிருந்தார். பட்டன் போன் வைத்திருக்கிற மனிதர் என்பதால் விஷயம் அவரை எட்டவில்லை. வீட்டுக்குள் ஒரு டீவி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் நிச்சயதார்த்தப் படம் ஒன்று. அதில் சூரியபிரகாஷும் அவன் கட்டிக்கொள்ளப்போகிற திவ்யாவும் மாலையோடு நின்றார்கள். அன்னக்கொடி புது ரவிக்கையில் அவர்களுக்குப் பின்னால் விறைப்பாக நின்றார்.

சூரியபிரகாஷுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அவன் எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"தம்பி, உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்தார் பாலசுந்தரம். "கூடத்துல யாரும் இல்லைன்னு நெனைச்சு நின்னாங்க. நான் தூணுக்குப் பின்னாடி இருந்து எடுத்தேன். கேக்கல. பேரைப் பொய்யா எழுதி, என் விரலையே உருட்டி வச்சேன். அவங்க நடிக்கவும் இல்ல, யாரையும் எடுக்கச் சொல்லவும் இல்ல. முழுத் தப்பும் என் மேலதான்."

சூரியபிரகாஷ் தரையைப் பார்த்தபடி இருந்தான். "தெரியும்" என்றான்.

"என்னடா தெரியும்?" என்றார் அன்னக்கொடி.

"நீ நின்னு குடுக்க மாட்டேன்னு தெரியும். உன்னைய ஒரு கல்யாணத்துலயாச்சும் முன்னாடி நிக்க வைக்க முடியுதா?"

"பெறகு ஏன்டா பேச மாட்டேங்குற? பதினெட்டு நாளா?"

அவன் நாற்காலிக் கைப்பிடியைச் சுரண்டினான். அன்னக்கொடி பாலசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "அங்க எல்லாரும் சிரிச்சாகளாமே. நீயும் சிரிச்சியா தம்பி?"

"இல்லக்கா" என்றார் பாலசுந்தரம். யோசிக்காமல், உடனே. அன்று காலையில் கிளம்பும்போது எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் கிளம்பினார். ஆனாலும் வாய் இல்லை என்றுதான் சொன்னது.

"நான் சிரிச்சேன்மா" என்றான் சூரியபிரகாஷ்.

அவன் போனை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் கவிழ்த்து வைத்தான்.

"ஆபீஸ் குரூப்புல வந்துச்சு. சின்னதாத்தான் தெரிஞ்சது. மேல எழுதியிருந்தத மட்டும் படிச்சிட்டு, சிரிக்கிற பொம்ம ஒண்ண அனுப்பிட்டேன். பெறகுதான் பெருசாக்கிப் பாத்தேன். பாத்த பெறகும் எங்கம்மான்னு சொல்லல. பக்கத்து சீட்டுக்காரன் காட்டிக் காட்டிச் சிரிச்சான், நானும் அவன்கூடச் சேந்து சிரிச்ச மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் பேசல."

அன்னக்கொடி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலசுந்தரத்துக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. தன்னைவிட இருபது வயது சின்னவனான அந்தப் பையனுக்கு, பெற்ற தாயின் முன்னால் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. எழுந்து நின்றார்.

"நானும் சிரிச்சேன்கா. இப்பச் சொன்னது பொய். சிரிச்சது மட்டும் இல்ல, மைக்கப் பிடிச்சுக் கேலியும் பேசினேன். உங்களப் பாத்துச் சிலையே பயந்துச்சுன்னு சொன்னேன். அதக் கேட்டுத்தான் எல்லாரும் கைதட்டுனாங்க." அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எதையாவது மறைத்துவிடுவோம் என்று தோன்றியது. "எடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரல. ரொம்ப அழகா இருந்துச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவங்க சிரிச்சதும் சிரிச்சிட்டேன்."

அன்னக்கொடி எழுந்து அடுப்படிக்குப் போனார். உள்ளே குழாய் திறந்தது. வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பாலசுந்தரம் கிளம்பிவிடலாமா என்று நினைத்தார், சொல்லாமல் கிளம்ப மனம் வரவில்லை.

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு அன்னக்கொடி வந்தார். "அந்தக் கேமராவக் குடு. எல்லாத்தையும் பாக்கணும்."

பாலசுந்தரம் கேமராவை இயக்கி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினார். அன்னக்கொடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பதினோரு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது படத்திலிருந்து மறுபடி முதலாவதுக்குப் போனார். சூரியபிரகாஷ் எட்டிப் பார்க்க எழுந்தான். அவர் கையால் தடுத்துவிட்டார்.

"நான் இடுப்ப எதிர்ப் பக்கம் வளைச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "அவ வலது பக்கம் சாஞ்சு நிக்கிறா. நான் இடது பக்கம். அப்பத் தெரியல."

அந்த ஒரு நொடி அவர் முகம் மண்டபத்திலும் மார்க்கெட்டிலும் பார்த்த முகமாக இல்லை. பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "அழிச்சிரு."

அவர் கண்முன்னாலேயே பாலசுந்தரம் ஒவ்வொன்றாக அழித்தார். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருந்ததைக் காலையிலேயே அழித்துவிட்டதாகச் சொன்னார். அது உண்மைதான்.

"போனுல சுத்துறது?" என்று கேட்டார் அன்னக்கொடி.

"அத என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"ம்" என்றார் அவர். வாசல் வரை வந்து, "மார்க்கெட்டுப் பக்கம் இனிமே வராத. ஆளுக ஏதாச்சும் பேசுவாக" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. பாலசுந்தரமும் அதைக் கேட்கவில்லை.

அன்று மாலையே பீமாராவின் வீட்டுக்குப் போய்க் கைநாட்டு விஷயத்தைச் சொன்னார். பீமாராவ் நல்ல மனிதர். திட்டவில்லை. "என்ன சார் இது, இத்தனை வருஷமா உங்களத் தெரியுமே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். கழகம் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தது. பாலசுந்தரம் சிற்பக்கூடத்துக்கும் ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வருடமாகக் கேட்காமல் எடுத்த படங்களை எல்லாம் அழித்துவிட்டேன் என்று அதில் இருந்தது. நானூறு படங்களை அழிக்க ஒரு ராத்திரிகூட ஆகவில்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சீதாலட்சுமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மைக்கில் பேசிய வாக்கியத்தையும் சொன்னார். அவள் போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு நாள் அவருடன் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

ஆவணியில் சூரியபிரகாஷின் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டார். யார் படம் எடுத்தார்கள் என்று விசாரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. வார்த்தை எதுவும் இல்லை, ஒரு இணைப்பு மட்டும். திறந்து பார்த்தார். ஏதோ நகைச்சுவைப் பக்கம், அதே படம், புதிதாக ஒரு கிண்டல். யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து அந்தப் பக்கத்துக்கு எழுதினார்: 'இந்தப் படத்தை எடுத்தவன் நான். படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் எடுத்தது. தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.' அவர்கள் கேட்கவில்லை. மறுபடி எழுதினார். உரிமை தன்னுடையது என்பதற்கு, போட்டிக்கு அனுப்பிய ஆதாரங்களை இணைத்துப் புகார் கொடுத்தார். நாலாம் நாள் நீக்கினார்கள். அந்த எண்ணுக்கு, 'எடுத்தாச்சு' என்று அனுப்பினார். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

அதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. மாதம் ஒன்று, சில மாதம் மூன்று. சூரியபிரகாஷ் இணைப்பை அனுப்புவான். பாலசுந்தரம் எழுதுவார், கெஞ்சுவார், புகார் கொடுப்பார். சிலர் உடனே எடுத்துவிடுவார்கள். சிலர் அவரையே கேலி செய்து பதில் போடுவார்கள். ஒருவன், ஜோக்கைப் புரிந்துகொள்ளத் தெரியாதா பெருசு என்று எழுதியிருந்தான். எதற்கும் கோபப்படாமல் மறுபடி எழுதுவார். கோபப்படுகிற உரிமை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

போன தை மாதம் ஒத்தக்கடையில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக மேடையேறிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். இணைப்பு. கேமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, பந்திக் கூடத்தைத் தாண்டி, கை கழுவுகிற இடத்தில் போய் நின்றார். சாப்பிட்டு முடித்தவர்கள் அவரை இடித்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தார்கள். பாலசுந்தரம் சுவரோரமாக நகர்ந்து நின்று, முதல் வரியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.